திரையாக நின்ற எட்டு முழ வேட்டி

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடைப்பட்ட ஒரு நெசவாளர் ஊருக்குச் சென்ற மார்கழியில் நாம் கணக்குப் பார்க்கச் சென்றிருந்தோம். ஊரின் பெயர் வேண்டா என்று நமக்கு விருந்தோம்பிய அம்மையார் கேட்டுக்கொண்டமையால் அதனை எழுதவில்லை. அன்று மாலை, பதிவேடுகளை மூடிவிட்டு பஸ்ஸுக்குப் புறப்படும் தறுவாயில், "இன்றிரவு எங்கள் வீட்டில் படம் காட்டுகிறோம்; ஐயாவும் இருந்து பார்க்க வேண்டும். ஆனால் ஆண்களுக்குத் திண்ணைதான்" என்றார் அவர். அறுபது வயதைத் தாண்டிய அவர் கணவரை இழந்தவர். இன்றும் குழித்தறியில் கைலி நெய்கின்றவர். திண்ணைக்கு இசைந்து நாம் தங்கினோம்.

அவ்வூர் நிலையைச் சிறிது சொல்ல வேண்டும். அங்கே இரு தெருக்கள். கோயில் திருவிழாவில் வடம் பிடிப்பது பற்றி எழுந்த தகராறு கைகலப்பாகி, காவல் நிலையம் வரை சென்று, எட்டு மாதங்களாக ஒரு தெருவார் மற்றத் தெருவில் கால் வைப்பதில்லை. நெசவுத் தெருவில் பாவு ஓட ஆள் இல்லை; அடுத்த தெருப் பெண்களுக்குத் தார் சுற்றிய கூலி இல்லை. சங்கத்தின் உற்பத்தி குறைந்ததற்கு நூல் விலையைக் காரணமாக எழுதியிருந்தார்கள். நாமும் அதனை ஏற்றுக் குறிப்பெழுதி முடித்திருந்தோம்!

அம்மையாரின் பேத்தி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயில்கின்றாள். படம் காட்டும் கருவியை அவள் இரவல் வாங்கி வந்தாள். படத்துக்கு உரியவரிடம் முன்னரே எழுதி அனுமதியும் பெற்றிருந்தாள். தறி வீட்டின் சுவரில் எட்டு முழ வேட்டி ஒன்றைக் குறுக்காக விரித்து நான்கு மூலையிலும் ஆணி அடித்தார்கள். அந்த வேட்டி சங்கத்துச் சரக்கு என்பது ஓரத்து முத்திரையில் தெரிந்தது. ஆய்வாளர் என்ற முறையில் அதனை நாம் பார்க்கவில்லை. பாய் விரித்ததும் இரு தெருவிலிருந்தும் இருபது பெண்களுக்கு மேல் வந்து, இரு பக்கமாகப் பிரிந்தே அமர்ந்தார்கள்.

காட்டப்பட்டது 2008ஆம் ஆண்டில் வெளிவந்த 'பிரே தி டெவில் பேக் டு ஹெல்' என்னும் செய்திப்படம். ஜினி ரெட்டிக்கர் இயக்கியது. அபிகேல் டிஸ்னி தயாரித்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள லைபீரியா 1989 முதல் 2003 வரை, இடையே சிறிது ஓய்வு தவிர, உள்நாட்டுப் போரில் வெந்த நாடு. சிறுவர் கையில் துப்பாக்கி கொடுத்த போர் அது. 2003இல் லேமா போவீ என்னும் சமூகத் தொண்டரும் அவர் தோழியரும், கிறிஸ்தவப் பெண்களையும் இஸ்லாமியப் பெண்களையும் ஒன்று சேர்த்தார்கள். வெள்ளுடை உடுத்து, தலைநகராகிய மன்ரோவியாவில் ஒரு மீன் சந்தையருகே, நாட்டதிபர் சார்லஸ் டெய்லரின் கார் செல்லும் சாலையோரத்தில், வெயிலிலும் மழையிலும் நாள்தோறும் அமர்ந்தார்கள். ஏப்ரல் 23ஆம் தேதி அதிபர் அவர்களைச் சந்தித்தே ஆக வேண்டியதாயிற்று.

கானாவில் சமாதானப் பேச்சு தொடங்கியது. தலைவர்கள் நல்ல விடுதியில் தங்கி வாரக் கணக்கில் பேசினார்கள்; ஊரிலே குண்டு விழுந்தது. ஜூலையில் பெண்கள் பேச்சு நடந்த மண்டபத்தின் வாயிலில் கை கோத்து அமர்ந்து, உடன்பாடு காணாமல் எவரும் வெளியேறக் கூடாது என மறித்தார்கள். கைது செய்யக் காவலர் வந்தபோது, லேமா போவீ தம் ஆடையைக் களையத் தொடங்கினார். தாய் தன் ஆடையைக் களைந்தால் அது சாபம் என்பது அந்நாட்டார் நம்பிக்கை. காவலர் பின்வாங்கினர். ஆகஸ்டு 11ஆம் தேதி டெய்லர் நாட்டை விட்டு நீங்கினார். 18ஆம் தேதி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 2011இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்ற மூவருள் லேமா போவீயும் ஒருவர்.

இப்படத்தை எடுத்தவர்களுக்கு ஒரு சங்கடம் நேர்ந்ததாம். போரின் படச்சுருள்கள் ஏராளமாகக் கிடைத்தன. இப்பெண்களின் படமோ மிக அரிதாகவே கிடைத்தது. துப்பாக்கி பிடித்தவனைத்தான் படம் பிடித்தார்கள். பாயில் அமர்ந்தவளைப் பிடிப்பார் இல்லை.

படத்தின் பேச்சு ஆங்கிலம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பேத்தி நிறுத்தித் தமிழில் சொன்னாள். எழுபது நிமிடப் படம் முடிய இரண்டரை மணி நேரமாயிற்று. அந்நிறுத்தங்கள்தான் அன்றைய இரவின் பயன் என்பது நம் அபிப்பிராயம். 2021 நவம்பரில் 'ஜெய் பீம்' படம் நேரே வீடுகளுக்கே வந்தது. 1993இல் இம்மாவட்டத்து முதனை கிராமத்தவர் ஒருவர் காவலில் மாண்டதும், அவர் மனைவி உயர்நீதிமன்றம் வரை நீதி கேட்டுப் போனதும் அதன் அடிப்படை. அங்கிருந்த பெண்கள் பலரும் அதைக் கைப்பேசியில் பார்த்தவர்கள்தாம். தனித்தனியே பார்த்தார்கள், தனித்தனியே அழுதார்கள்; கூடிப் பேச ஒருவரும் இடம் செய்து கொடுக்கவில்லை.

விளக்கைப் போட்டதும் சிறிது நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு, முதுநகர்த் துறைமுகத்தில் மீன் எடுத்துக் கூடையில் விற்கும் ஓர் அம்மாள் கேட்டார்: "அத்தனை நாள் சந்தையிலே உட்கார்ந்தாங்களே, அவங்க பிள்ளைங்களுக்குச் சோறு யார் போட்டது?"

"பக்கத்து வீட்டுக்காரி போட்டிருப்பா" என்றாள் எதிர்ப்பக்கத்து இளம்பெண் ஒருத்தி. சொன்ன பிறகு அவளே தலை குனிந்தாள். அந்த அம்மாளின் பேரனுக்கு ஐப்பசியில் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் கிடந்த செய்தி அவளுக்கும் தெரியும். தெருவைத் தாண்டிப் போய் விசாரிக்கவில்லை. "போகணும்னுதான் இருந்தேன், அத்தே" என்றாள். அதன்பின் எட்டு மாதப் பேச்சும் ஒரே சமயத்தில் எழுந்தது. குற்றச்சாட்டும் இருந்தது, அழுகையும் இருந்தது. திண்ணையிலிருந்த ஆண்கள் இருவர் எழுந்து உள்ளே போக முயன்றபோது அம்மையார் வாசற்படியில் வந்து நின்றுகொண்டார்.

இது புதுமையன்று. ஆமதாபாத்தில் இளா பட் அம்மையார் 1972இல் தொடங்கிய சேவா சங்கத்தின் பெண்கள், 1974இல் தலைக்குப் பத்து ரூபாய் பங்கு போட்டுத் தமக்கென ஒரு கூட்டுறவு வங்கி அமைத்தனர். 1984இல் அவர்களிலேயே சிலர், எழுதப் படிக்கத் தெரியாத காய்கறி வியாபாரிகள் உட்பட, வீடியோ எடுக்கப் பயின்று, தம் தொழிலின் நியாயத்தைத் தாமே படமாக்கி ஒருவருக்கொருவர் காட்டினர். குஜராத்துப் பால் உற்பத்தியாளர் ஐந்து லட்சம் பேர் தலைக்கு இரண்டு ரூபாய் தந்து 1976இல் ஷியாம் பெனகலைக் கொண்டு எடுப்பித்த 'மந்தன்' படம் ஊர் ஊராகத் திரையிடப்பட்டு, புதிய பால் சங்கங்கள் தோன்ற உதவிற்று. 2024இல் கான் திரைப்பட விழாவிலும் அதனை மீண்டும் காட்டினார்கள்.

நம் ஊருக்குத் திரும்புவோம். இரவு பத்தரை மணி இருக்கும். ஜன்னல் வழியே ஒரு குரல் நம்மை நோக்கி வந்தது: "ஐயா, தறியிலே உட்கார்றது நான். அட்டையிலே பேரு எங்க வீட்டுக்காரருடையது. கூலி அவர் கணக்கிலே ஏறுது. இது எந்தச் சட்டத்திலே இருக்கு?"

எந்தச் சட்டத்திலும் இல்லை. 2019-20ஆம் ஆண்டுக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாடெங்கும் 35 லட்சத்துக்கு மேற்பட்ட கைத்தறித் தொழிலாளருள் நூற்றுக்கு 72 பேர் பெண்கள். கூட்டுறவுச் சங்க நிருவாகக் குழுக்களில் நூற்றுக்கு முப்பது இடம் மகளிருக்கு என்று நம் மாநிலச் சட்டம் கூறுகின்றது. ஆயினும் அங்கத்தினரே அல்லாதவர் நிருவாகக் குழுவில் எவ்வாறு அமர்வது? அன்று பிற்பகல் நாம் சரிபார்த்த அங்கத்தினர் பதிவேட்டில், ஒரு பக்கத்துக்கு நாலைந்து பெண் பெயர்களுக்கு மேல் இல்லை. கூட்டல் சரியாக இருந்தது. ஆகையால் நாம் கையெழுத்திட்டோம். நெய்கின்றவர் எவரும் தம் பெயரில் பங்குத் தொகை கட்டி மனுச் செய்யலாம் என்று ஜன்னலுக்கு வெளியே நின்று விடை சொன்னோம். தார் சுற்றுவோர்க்கும் இடம் உண்டா என்று மறுபக்கத்திலிருந்து கேட்டார்கள். துணைவிதியைப் பார்க்க வேண்டும், இடமில்லையேல் மகாசபையில் திருத்த வேண்டும் என்றோம். "மகாசபையிலே எங்களைப் பேச விட்டால் சரி" என்று மீன்கார அம்மாள் சொல்ல, இரு பக்கமும் சிரித்தார்கள்.

இவ்வாறு செய்ய விரும்பும் சங்கத்தார்க்கு ஒன்று சொல்வோம். மண்டபம் வேண்டா, மாலை வேண்டா, தலைமையுரை வேண்டவே வேண்டா. ஒரு வீடு, ஒரு வெள்ளைத் துணி, இருபத்தைந்து பேருக்கு மேற்படாத கூட்டம், இடையிடையே படத்தை நிறுத்தத் தெரிந்த ஒரு பெண் போதும். அடுப்பு வேலை முடிந்த நேரமாக இருக்கட்டும்.

மாசியில் மீண்டும் அங்கே சென்றோம். பதினொரு பங்கு மனுக்கள் காத்திருந்தன. துணைவிதித் திருத்தம் பற்றி நிருவாகக் குழுவில் கருத்து வேறுபாடு இருக்கின்றது. தலைவர் இன்னும் தேதி குறிக்கவில்லை. அடுத்த தெருவில் இரண்டாவது படம் காட்டியாகிவிட்டது. பாவு ஓட நான்கு பெண்கள் வருகின்றார்கள். ஆண்கள் இன்னும் முகம் கொடுப்பதில்லை. இருப்புச் சரக்கை எண்ணியபோது வேட்டிகள் கணக்குக்குச் சரியாக இருந்தன. அடுக்கின் மேலிருந்த ஒன்றை விரித்துப் பார்த்தோம். நான்கு மூலையிலும் ஆணித் துளை இருந்தது.