திருட்டுக் கேஸ் எப்படிப் பிறக்கிறது

டீக்கடைப் பேப்பரில் மாவட்டச் செய்திப் பக்கத்தைப் புரட்டினால் இப்படியொரு செய்தி அடிக்கடி கண்ணில் படும். போலீசார் ரோந்து போனபோது பஸ் நிலையம் அருகே ஒருவர் சந்தேகப்படும்படி நின்றார், விசாரித்ததில் முன்னுக்குப் பின் முரணாகப் பேசினார், தீவிர விசாரணையில் திருட்டை ஒப்புக்கொண்டார், நகை மீட்கப்பட்டது. படித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். டீ ஆறுவதற்குள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். பிடிபட்டவர் குறவராகவோ இருளராகவோ இருந்தால் பல நேரங்களில் கதை அந்த பஸ் நிலையத்தில் தொடங்குவதே இல்லை.

அந்த மக்களின் சங்கங்கள் ஆண்டுக்கணக்காகச் சொல்லிவருவது இதுதான். எங்கோ ஒரு பெரிய வீட்டில் நகை போகிறது. துப்பு கிடைக்கவில்லை. மேலிடத்திலிருந்து நெருக்கடி. ஜீப் நேராகக் குடிசைப் பகுதிக்கு வருகிறது. ஆளை ஏற்றிக்கொண்டு போகிறார்கள், எதற்கென்று சொல்வதில்லை. நாலு நாள் கழித்து ரோந்தில் பிடித்ததாக எழுதி மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துகிறார்கள். நடுவில் போன அந்த நாலு நாள் எந்தக் காகிதத்திலும் இருக்காது. அடி விழுவது அந்த நாட்களில்தான்.

ஏன் அடிக்க வேண்டும்? இதற்குச் சட்டத்திலேயே ஒரு காரணம் ஒளிந்திருக்கிறது. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 25-ஆவது பிரிவு இதைச் சொன்னது. ஆனால் 27-ஆவது பிரிவு ஒரு வாசலைத் திறந்துவிட்டது: அந்த வாக்குமூலத்தால் ஒரு பொருள் கிடைத்தால், அதோடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி மட்டும் செல்லும். 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்திலும் இது 23-ஆவது பிரிவாக அப்படியே இருக்கிறது. ஆகவே ஆள் கிடைத்தால் மட்டும் போதாது, ‘ரெக்கவரி’ காட்ட வேண்டும். நகையை எடுக்காதவன் எங்கிருந்து கொடுப்பான்? அதனால்தான் அடி நிற்பதில்லை. வீட்டுப் பெண்களையும் ஸ்டேஷனுக்கு இழுக்கிறார்கள்.

ஜீப் அந்தப் பக்கமே திரும்புவதற்குக் காரணம் இன்னும் பழையது. 1871-இல் ஆங்கிலேயர் குற்றப் பழங்குடிகள் சட்டம் கொண்டுவந்தார்கள். 1911-க்குப் பிறகு அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர், பிரமலைக் கள்ளர் என்று சமூகம் சமூகமாகப் பட்டியலில் சேர்த்தார்கள். ஒருவர் எதையும் திருடியிருக்க வேண்டியதில்லை, அந்தச் சாதியில் பிறந்திருந்தால் போதும். கைரேகை வைக்க வேண்டும், ஊரைவிட்டுப் போக அனுமதி கேட்க வேண்டும். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்து ஊர்மக்கள் பலர் உயிரிழந்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947-இல் அந்தச் சட்டம் ஒழிந்தது. மறு வருஷமே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்துவிட்டது. அதில் சாதிப் பெயர் இல்லை. ஆனால் செய்யாத திருட்டை ‘ஒத்துக்கோ, சீக்கிரம் வெளியே வந்துடலாம்’ என்ற பேச்சை நம்பி ஒருவர் ஒத்துக்கொண்டால், அடுத்த திருட்டுக்கு அவர் பழைய குற்றவாளி. ஜீப்புக்கு முகவரி கிடைத்துவிட்டது.

இதன் உச்சத்தை ராஜாக்கண்ணு வழக்கில் பார்க்கலாம். ‘ஜெய் பீம்’ படம் இருளர் கதையாகக் காட்டினாலும் அவர் குறவர். 1993-இல் நகைத் திருட்டு என்று சொல்லி விருத்தாசலம் பக்கத்துக் கம்மாபுரம் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். மனைவி பார்வதியும் அங்கே அடி வாங்கினார். பிறகு, ராஜாக்கண்ணு தப்பி ஓடிவிட்டார் என்றது போலீஸ். உடல் பக்கத்து மாவட்டத்தில் கிடைத்திருந்தது. வழக்கறிஞர் சந்துரு துணையோடு பார்வதி உயர் நீதிமன்றம் போனார். கீழ்க்கோர்ட்டில் விடுதலையான போலீஸ்காரர்களுக்கு உயர் நீதிமன்றம் தண்டனை கொடுத்தது 2006-இல். பதின்மூன்று வருஷம். இத்தனைக்கும் அவருக்கு நல்ல வக்கீல் கிடைத்தார். கிடைக்காதவர்களை நினைத்தால் மனம் கொதிக்கிறது.

‘போலீஸ் கெடுபிடியாக இருந்தால்தானே திருட்டு குறையும்?’ என்று கேட்பீர்கள். திருடாதவன் ஜெயிலுக்குப் போனால் திருடியவன் வெளியில்தான் இருக்கிறான். உங்கள் நகையும் அவனிடம்தான் இருக்கிறது.

2024 அக்டோபரில், பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த சிறைச் சாதிப் பாகுபாட்டு வழக்கில், சீர்மரபினரை, அதாவது அந்தப் பழைய குற்றப் பழங்குடிப் பட்டியலில் இருந்த சமூகத்தினரை, தன்னிச்சையாகக் கைது செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் போலீசுக்கு உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. ஆனால் ராத்திரி ஜீப் வரும்போது அந்தக் குடிசை வாசலில் உச்ச நீதிமன்றம் இருக்காது, அக்கம்பக்கத்தில் நாம்தான் இருப்போம். வண்டி எண்ணையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், வீட்டாருக்குத் தகவல் சொல்ல வேண்டும். பெண்களைப் பொழுது சாய்ந்த பின் சாதாரணமாகக் கைது செய்யக் கூடாது. இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழைத்து, நீங்கள் பார்த்த நேரத்தைச் சொல்லுங்கள்.