வயரைத் தராசில் வையுங்கள்

“நானா, ஒங்கட செட்டால வேன் பத்தப் பாத்திச்சி!”

சில வருடங்களுக்கு முன்னர் பாடசாலை வேன் ஓட்டும் தம்பி ஒருவர் என் கடை வாசலில் நின்று போட்ட சத்தம் இது. உள்ளே நின்ற வாடிக்கையாளர்களில் இருவர் மெல்ல நழுவி விட்டார்கள்.

ஆசனத்தைக் கழற்றிப் பார்த்தோம். அம்ப்ளிபயருக்குப் போகும் பவர் வயர் ஆசனத்துக்குக் கீழே நசுங்கி, வேனின் இரும்பில் முட்டி, கார்பட்டைக் கருக்கியிருந்தது. தம்பி உடனே பெட்டரியைக் கழற்றியதால் தப்பினார். நல்ல காலம், பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகுதான் நடந்தது.

பியூஸ் அப்படியே இருந்தது. எங்கள் பாஸ் அதை அம்ப்ளிபயர் பக்கத்தில் மாட்டியிருந்தார். பியூஸ் போடுவது வயரைக் காப்பாற்றத்தான். பெட்டரியிலிருந்து அரை மீற்றருக்குள் அது இருக்க வேண்டும். தள்ளி மாட்டினால், இடையில் வயர் எங்கே முட்டினாலும் தடுக்க ஒன்றுமில்லை.

கருகிய துண்டைக் கத்தியால் சுரண்டியபோது இன்னொன்றும் தெரிந்தது. மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு பூசிய சரக்கு! ரோலில் செம்பு என்றே அச்சடித்திருந்தது. விலை குறைவு என்பதால் நானும் மொத்த வியாபாரியிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதை மறைப்பானேன்?

இந்த வயர், அதே தடிப்பான செம்பு வயர் கடத்தும் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத்தான் தாங்கும். 8 கேஜ் செம்பு போதுமான இடத்தில் இதில் 6 கேஜ் போட வேண்டும். (கேஜ் இலக்கம் குறையக் குறைய வயர் தடிக்கும். புதிதாகக் கடை போட்டவர்கள் இதில்தான் தடுமாறுவார்கள்.) கொள்வனவு செய்யும்போது ஒரே நீளம், ஒரே தடிப்புள்ள துண்டுகளைத் தராசில் வையுங்கள். சுத்தச் செம்பு இரண்டு மடங்குக்கு மேல் பாரமாக இருக்கும். பிளாஸ்டிக் உறையைத் தடிப்பாக்கி, உள்ளே மெல்லிய வயரை வைப்பவர்களும் உண்டு. ஆகவே நுனியை உரித்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

எல்லா வாகனத்துக்கும் புது வயர் தேவையில்லை. கம்பனி ஸ்பீக்கரை மட்டும் மாற்றுபவருக்குப் பழைய வயரே தாராளம். செட்டின் முகப்பில் 50 வாட்ஸ் என்று எழுதியிருந்தாலும், ஒரு ஸ்பீக்கருக்கு உண்மையில் தொடர்ந்து போவது 15, 20 வாட்ஸ்தான். வயரை வெட்டாமல் அந்த வாகனத்துக்குரிய பிளக்கைப் போடுங்கள். பஞ்சிகாவத்தையில் தேடினால் அகப்படும். பெட்டியில் பெரிதாக அச்சடித்த 300 வாட்ஸைக் காட்டி விற்காதீர்கள். டெசிபல் இலக்கத்தைப் பாருங்கள். 87 உள்ள ஸ்பீக்கருக்கு 90 உள்ளதைப் போலச் சத்தம் வர இரட்டிப்பு வாட்ஸ் வேண்டும். ஓம் அளவும் பொருந்த வேண்டும். 4 ஓம் கேட்கும் செட்டில் 2 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் செட் சூடேறிக் கெட்டுவிடும்.

அம்ப்ளிபயர் வைத்தால் கதை வேறு. கதவு ஸ்பீக்கருக்கு 16 கேஜ் போதும். பவருக்குச் சிறிய அம்ப்ளிபயர் என்றால் 8, பெரியது என்றால் 4, இரண்டும் செம்பில். கூட்டல், கழித்தல் முனைகளை மாற்றிக் கொடுத்தால் தாளம் செத்துப்போகும். வாடிக்கையாளர் ஸ்பீக்கரைத்தான் குறை சொல்வார்.

தம்பியின் வேனுக்கு என் செலவில் செம்பு வயர் இழுத்து, பியூஸை இடம் மாற்றிக் கொடுத்தேன். மொத்த வியாபாரி மிகுதி ரோலைத் திருப்பி எடுக்கவில்லை. அது இன்னும் கடையில் தொங்குகிறது. விலை பேச வருபவர்களுக்கு ஒரு துண்டு வெட்டி, சுரண்டிக் காட்டுவேன்.