சுரத்தின் தலையில் ஒரு புள்ளி

புதுக்கோட்டை மாவட்டத்தில், குடுமியான்மலைப் பாறையில் ஓர் இசைக் கல்வெட்டு உள்ளது. எழுத்தமைதியைக் கொண்டு அதை 7ஆம் நூற்றாண்டு என்று கணிக்கிறார்கள். பல்லவ கிரந்தத்தில் ஏழு பகுதிகள். சுரங்கள் நந்நான்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரே சுரம் ர, ரி, ரு, ரெ என உயிர் மாறி வருகிறது. சில சுரங்களின் தலையில் புள்ளியும் இருக்கிறது. எந்தச் சுரம் என்பதைப் படித்துவிட முடிகிறது. உயிர் மாற்றமும் புள்ளியும் எதற்கு என்பதில்தான் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. நுண்ணிய சுருதி வேறுபாடு என்கிறார்கள் சிலர். நரம்பை மீட்டும் முறை என்கிறார்கள் வேறு சிலர். மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது என்று கல்வெட்டே சொல்லியும் இந்த நிலை. குறியைப் பதித்தால் மட்டும் போதாது, அது என்ன செய்யச் சொல்கிறது என்பதையும் கூடவே பதிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

இன்று மியூஸ்கோர் போன்ற இசையெழுத்து மென்பொருளில் பாவக்குறி இடுபவருக்கும் இதே கேள்விதான். மெல்ல வாசி என்பதற்கான 'பி' குறியை மென்பொருளின் குறித்தட்டிலிருந்து எடுத்துச் சுரத்தில் வைத்தால் அது அந்தச் சுரத்தோடு கட்டப்படுகிறது. பக்க அமைப்பு மாறினாலும் கூடவே நகரும். ஒலியளவும் 127 வரை போகும் அளவுகோலில் ஏறத்தாழ 49க்கு இறங்கும். உரக்க வாசி என்பதற்கான 'எஃப்' இட்டால் 96. அதே எழுத்தை வெறும் உரையாகத் தட்டச்சு செய்தாலோ, தாளில் பெரிய வேறுபாடு தெரியாது, ஆனால் ஒலி மாறாது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டில் ஒன்று கட்டளை, மற்றது வெறும் படம்.

நம் இசைக்கு வரும்போது சிக்கல் கூடுகிறது. சுரத்தை அசைக்கும் கமகமான கம்பிதத்துக்கு நெளிகோடு போடலாம் என்று தட்டில் இருக்கும் நெளிகோட்டை எடுத்தால், மென்பொருள் அதை மேற்கத்திய 'டிரில்' என்று எடுத்துக்கொண்டு இரண்டு சுரங்களை மாறி மாறித் தட்டும். சுரத்தை அசைப்பது வேறு, இரண்டு சுரங்களைத் தனித்தனியே ஒலிப்பது வேறு. கமகம் குருமுகமாக வருவது, குறியில் அடங்காது என்று மறுப்பவர்கள் உண்டு. குறி குருவின் இடத்தை நிரப்பாது என்பது உண்மைதான். ஆனால் தீட்சிதர் பரம்பரையின் வாரிசான சுப்பராம தீட்சிதரே 1904இல் எட்டயபுரத்தில் அச்சான 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யில் கம்பிதம், நொக்கு, ரவை, ஜாரு என ஒவ்வொன்றுக்கும் தனிக்குறி வகுத்தார். அவற்றின் விளக்கத்தையும் எழுதிவைத்தார். பாடாந்தரத்தை முழுதாகப் பெற்றவருக்கே அது தேவையாகப் பட்டிருக்கிறது. 1720இல் மேற்கத்திய இசையமைப்பாளர் பாக் தன் மகனுக்காகத் தொடங்கிய பயிற்சி ஏட்டிலும் அலங்காரக் குறிகளுக்கு வாசிப்பு விளக்க அட்டவணை உண்டு.

கணினி வாசிப்பது இசையே அல்ல, அதற்காக ஏன் மெனக்கெட வேண்டும் என்பது அடுத்த மறுப்பு. கணினியின் வாசிப்பு கச்சேரிக்காக அல்ல, பிழை பார்க்க. உரக்க வாசிக்க வேண்டிய இடம் மெல்ல ஒலித்தால் குறி தவறான சுரத்தில் ஒட்டியிருப்பது உடனே தெரியும். கமகத்துக்கு அந்தச் சோதனை கிடைக்காது. ஆகவே குறியைப் படமாக மட்டும் இட்டு, டிரில் ஒலியை அணைத்துவிட்டு, முதல் பக்கத்திலேயே ஒவ்வொரு குறியும் எந்தச் சுரத்திலிருந்து எதுவரை அசைகிறது என்று எழுதிவைப்பதே சரியான வழி.