தோல் வேலை பழக: முதலில் என்ன வாங்க வேண்டும்?



பொழுதுபோக்காகத் தோல் வேலை பழக என்னென்ன கருவி வேண்டும் என்று நம் குடும்பத்தார் சிலர் கேட்கிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் தோல் நமக்குப் புதிதல்ல. ஆனால் தொழிற்சாலையில் ஒருவர் வெட்டுவார், மற்றொருவர் தைப்பார். முழுப் பொருளையும் ஒருவரே செய்வது வேறு பழக்கம். முப்பது கருவிகள் கொண்ட பெட்டியை வாங்கிப் பாதியைத் தொடாமல் வைப்பது வீண்விரயம். இவை போதும்:

வெட்ட: பிளேடு மாற்றும் கத்தி, எஃகு ஸ்கேல், அடியில் விரிக்க ரப்பர் பலகை. பிளாஸ்டிக் ஸ்கேலில் கத்தி ஏறிவிடும். மழுங்கிய பிளேடுதான் அதிக ஆபத்து. அழுத்தும்போது வழுக்கி விரலில் பாயும்.

கோடு போட: ஜியோமெட்ரி பாக்ஸில் உள்ள டிவைடர். ஓரத்திலிருந்து 3 அல்லது 4 மி.மீ. உள்ளே தையல் கோடு வரட்டும்.

துளையிட: 4 மி.மீ. இடைவெளியுள்ள பல் உளி, மரச் சுத்தியல். இரும்புச் சுத்தியலால் அடித்தால் உளியின் தலை சிதையும்.

தைக்க: முனை மழுங்கிய ஊசிகள் இரண்டு, மெழுகு பூசிய நூல். நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் இரு பக்கமிருந்தும் தைக்க வேண்டும். ஓரிடத்தில் ஓர் இழை அறுந்தாலும் மற்ற இழை தாங்கும். தையல் மிஷினில் இந்த உறுதி வராது.

ஓரம் மெருகேற்ற: உப்புத்தாள், ஈரத்துணி.

தோல் வாங்கும்போது பட்டைத் தோலா, குரோம் தோலா என்று கேளுங்கள். ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்றவற்றால் பதனிட்டது பட்டைத் தோல். நீர் தொட்டுத் தேய்த்தால் அதன் ஓரம் பளபளக்கும். குரோம் தோலில் அப்படி வராது. பழகுவதற்கு 1.5 முதல் 2 மி.மீ. கனமுள்ள துண்டுத் தோல் போதும். உள்புறம் ஒட்டும் மெல்லிய தோலாகப் பன்றித் தோலும் விற்பனைக்கு வருகிறது. எந்தப் பிராணியின் தோல் என்று கேட்காமல் வாங்க வேண்டாம்.

முதலில் சாவி உறை, பிறகு கார்டு உறை செய்யுங்கள். கைக்கு எது குறைகிறதோ, அதை மட்டும் அடுத்து வாங்குங்கள். பிள்ளைகள் தைக்கட்டும், கத்தி பெரியவர் கையில் இருக்கட்டும். இதை வருமானமாக்கும் எண்ணம் இருந்தாலும், கடன் வாங்கியோ நகை அடகு வைத்தோ கருவி வாங்க வேண்டாம். பத்துப் பொருள் செய்து, தையல் நேராக வந்த பிறகு அதைப் பற்றி யோசிக்கலாம், இன்ஷா அல்லாஹ்.