ஒரு கேபிளைச் செருகினால் உள்ளே என்ன நடக்குது? டிரைவர்களை வீடு மாற்றும் ஜெனோட்!

லேப்டாப்பில் வைஃபை படுத்துவிட்டது. அசைன்மென்ட் அனுப்ப இன்னும் 10 நிமிஷம்தான். என்ன செய்வீங்க? போனை கேபிளில் மாட்டி, 'யூஎஸ்பி டெதரிங்'கை ஆன் பண்ணுவீங்க. சில விநாடிகளில் நெட் வந்துடும். நீங்களும் அதை மறந்துடுவீங்க.

அந்தச் சில விநாடிகளில் உள்ளே பெரிய விசாரணையே நடக்குது. போர்ட்டில் ஏதோ மாட்டியிருக்கு என்று யூஎஸ்பி டிரைவர் முதலில் கண்டுபிடிக்கும். "நீ யாரு?" என்று கேட்கும். உங்கள் போன் தன் கம்பெனி எண், மாடல் எண், தான் எந்த வகைக் கருவி என்பதை எல்லாம் ஒப்பிக்கும். டெதரிங்கை ஆன் பண்ணியதும் அதே போன், "இப்போ நான் நெட்வொர்க் கார்டு" என்று வேஷம் மாத்திக்கும். உடனே நெட்வொர்க் டிரைவர் வந்து பொறுப்பை ஏத்துக்கும். கேபிள் ஒண்ணுதான், வேலை பார்ப்பது ரெண்டு டிரைவர்.

இந்த டிரைவர்கள் எங்கே குடியிருக்காங்க என்பதில்தான் விஷயமே இருக்கு. விண்டோஸ், லினக்ஸ் ரெண்டிலும் பெரும்பாலான டிரைவர்கள் 'கெர்னல்' எனும் மையப்பகுதிக்குள்ளேயே இருக்கும். உள்சுவர் இல்லாத ஒரே கூடம் என்று வெச்சுக்கலாம். அங்கே ஒரு மூலையில் தீப்பிடித்தால் கூடம் மொத்தமும் காலி.

மிகைப்படுத்தல் இல்லை. 2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கா? கிரவுட்ஸ்ட்ரைக் கம்பெனியின் பாதுகாப்பு மென்பொருள் கெர்னலுக்குள் டிரைவராக ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு வந்த அப்டேட் ஃபைல் ஒன்றில் தவறு. மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றன. நம்ம ஊர் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தாங்க. அது யூஎஸ்பி டிரைவர் இல்லைதான். ஆனால், குடியிருந்த இடம் அதே கூடம்.

'அப்போ ஒவ்வொரு டிரைவருக்கும் தனி ரூம் கொடுத்துட்டா என்ன?' என்று கேட்டவர்கள் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் இருக்காங்க. அங்குள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆராய்ச்சியில் முளைத்ததுதான் ஜெனோட். 2008-ல் 'ஜெனோட் லேப்ஸ்' என்று கம்பெனியும் ஆரம்பித்தார்கள். இதில் கெர்னல் ரொம்பச் சின்னது. டிரைவர் உட்பட மற்ற எல்லாமே தனித்தனி புரோகிராம், அதாவது 'காம்பொனென்ட்'. எதை யார் தொடலாம் என்று முன்கூட்டியே கொடுத்ததைத் தவிர, வேறு எதையும் ஒரு காம்பொனென்ட்டால் தொட முடியாது. பென் டிரைவைப் படிக்கும் புரோகிராமுக்கு உங்கள் கேமரா என்று ஒன்று இருப்பதே தெரியாது.

கேட்க நல்லா இருக்கு. ஆனால், டிரைவர்களுக்கு எங்கே போவது? புதுசா எழுதலாம் என்றால், பல சிப் கம்பெனிகள் முழு விவரத்தை வெளியே விடுவதே இல்லை. எந்த மாடல் எப்போது முரண்டு பிடிக்கும் என்ற அனுபவ அறிவெல்லாம் லினக்ஸ் டிரைவர்களில்தான் வருஷக்கணக்கில் சேர்ந்து கிடக்கு. அதனால் அவற்றையே எடுத்து வந்து, ஜெனோட்டில் குடிவைக்கிறார்கள். இதற்குப் பெயர்தான் போர்ட்டிங்.

முதல் தடவை ஹாஸ்டலுக்குப் போன பையனை நினைச்சுக்கோங்க. காலையில் எழுந்ததும் பழக்கதோஷத்தில் "அம்மா, காபி!" என்பான். லினக்ஸ் டிரைவரும் அப்படித்தான். "மெமரி கொடு", "10 மில்லி செகண்ட் கழிச்சு எழுப்பு", "சிப் கூப்பிட்டா எனக்குச் சொல்லு" என்று கெர்னலைக் கேட்டுக்கொண்டே இருக்கும். ஜெனோட்டில் அந்த அம்மா இல்லை. அதனால் அம்மா குரலில் பதில் சொல்ல ஒரு மென்பொருள் அடுக்கை எழுதியிருக்காங்க. டிரைவர் கோடை முடிந்தவரை திருத்துவதில்லை. திருத்தினால், லினக்ஸில் புது வெர்ஷன் வரும்போதெல்லாம் அதே வேலையை மறுபடி செய்யணும்.

டிரைவர் கேட்கும் எல்லாவற்றுக்கும் பதில் எழுதினால், கடைசியில் பாதி லினக்ஸையே எழுதவேண்டி வரும். அதனால் ஒரு தந்திரம். கேட்கக்கூடிய ஃபங்ஷன்கள் அத்தனைக்கும் முதலில் பொம்மைகளை நிறுத்திவிடுவார்கள். டிரைவரை ஓடவிட்டால், அது ஏதாவது ஒரு பொம்மையைக் கூப்பிடும். உடனே எல்லாம் நின்று, 'இந்த ஃபங்ஷனைக் கூப்பிட்டது' என்று திரையில் பெயர் வரும். அதை நிஜமா எழுதணுமா, இல்லை சும்மா தலையாட்டினால் போதுமா என்று டெவலப்பர் முடிவெடுக்கணும். திரும்ப ஓடவிடணும், திரும்ப நிற்கும். பொறுமையைச் சோதிக்கும் வேலை. வைஃபை மாதிரி டிரைவருக்கு இன்னும் கஷ்டம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது 2021 வாக்கில் அவங்க செய்த ஒரு மாற்றம். அதுவரை நெட்வொர்க் டிரைவர் கடைக்காரர், இன்டர்நெட்டைப் பங்கிடும் ரௌட்டர் காம்பொனென்ட் கஸ்டமர். கடைக்காரர் மயங்கி விழுந்தால் கடையே மூடிடும். அதை அப்படியே திருப்பிப் போட்டாங்க. இப்போது ரௌட்டர்தான் கடை, டிரைவர் கஸ்டமர். கஸ்டமர் விழுந்தால் கடை திறந்தே இருக்கும், டிரைவரை மறுபடி ஸ்டார்ட் பண்ணிக்கலாம். பிரௌசரைப் பொறுத்தவரை யாரோ கேபிளைப் பிடுங்கி, திரும்ப மாட்டின மாதிரிதான்.

அப்போ இது முழுப் பாதுகாப்பா? இல்லை. ரூமுக்குச் சுவர் இருந்தாலும், யூஎஸ்பி கன்ட்ரோலர், நெட்வொர்க் சிப் போன்றவை பிராசஸரைக் கேட்காமல் நேரடியாக மெமரியில் எழுதக்கூடியவை. டிரைவர் தப்பான முகவரியைக் கொடுத்தால், சிப் சுவருக்கு அந்தப் பக்கம்கூட எழுதிடும். இதைத் தடுக்க 'ஐஓஎம்எம்யூ' என்ற காவலாளி ஹார்டுவேரிலேயே இருக்கணும், அதை ஆன் பண்ணியும் வெச்சிருக்கணும். அது இல்லாத மெஷினில் தனி ரூம் பாதிப் பாதுகாப்புதான். அதோடு, ஒவ்வொரு பாக்கெட்டும் ரூம் ரூமாகத் தாண்டிப் போக கொஞ்சம் நேரமும் ஆகும்.

கருவிகளின் பட்டியலும் லினக்ஸோடு ஒப்பிட்டால் சின்னதுதான். இன்டெல் சிப் உள்ள லேப்டாப்கள், பைன்போன் என்று சிலவற்றில்தான் நல்லா ஓடும். உங்கள் லேப்டாப்பில் முயற்சி பண்ணணும்னா, 'ஸ்கல்ப்ட்' என்ற அவர்களுடைய இயங்குதளத்தை பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே பூட் செய்து பார்க்கலாம். திரையில் ஒவ்வொரு காம்பொனென்ட்டும் ஒரு பெட்டியாகத் தெரியும். எது எதோடு இணைஞ்சிருக்கு என்று கோடுகளும் இருக்கும். வைஃபையை ஆன் பண்ணிட்டுப் பாருங்க, அதுக்குன்னு ஒரு பெட்டி வந்து உட்காரும்.