சில குடும்பங்களை மட்டும் கொலஸ்டிரால் ஏன் தொடர்கிறது?



"எங்கள் வீட்டில் எண்ணெய்ப் பலகாரம் அதிகம் கிடையாது, இறைச்சியும் எப்போதாவதுதான். பிறகு ஏன் எனக்குக் கொலஸ்டிரால் 340 இருக்கிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. அப்பா 42 வயதில் மாரடைப்பால் போனார், சித்தப்பா 45இல் போனார் என்று சொல்லி, "எங்கள் வம்சத்தின் தலையெழுத்து" என்று விட்டுவிடும் குடும்பங்களும் உண்டு. அப்படி விட்டுவிட வேண்டியதில்லை. காரணம் செல்களின் மேற்பரப்பில் இருக்கக்கூடும். அதைக் காலத்தில் கண்டுகொண்டால் மருந்தும் உண்டு.

கொலஸ்டிரால் எப்படிப் பயணம் செய்கிறது?

கொலஸ்டிரால் இல்லாமல் நாம் உயிர் வாழ முடியாது. நம் செல்கள் ஒவ்வொன்றின் மேலுறையிலும் அது இருக்கிறது. சில ஹார்மோன்களும் பித்தநீரும் உண்டாவதற்கும் அது வேண்டும். ஆனால் அது மெழுகு போன்ற பொருள், நீரில் கரையாது. ஆகவே உடல் அதைச் சிறு துகள்களாகப் பொதிந்து இரத்தத்தில் அனுப்புகிறது. இவற்றுள் முக்கியமானது எல்.டி.எல். துகள். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஏறக்குறைய 45,000 துகள்களை வரிசையாக வைக்கலாம், அவ்வளவு சிறியது. அதன் நடுவில் சுமார் 1,500 கொலஸ்டிரால் மூலக்கூறுகள் அடைபட்டிருக்கும். வெளியே ஒரே ஒரு நீண்ட புரதம் அதைச் சுற்றியிருக்கும். அப்புரதத்தின் பெயர் அப்போ-பி.

தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கம் கோடையில் தண்ணீர் லாரிகள் வருவதை அறிவோம். லாரி வந்தால் மட்டும் போதாது. வீட்டுச் சம்ப்பின் மூடியைத் திறந்து குழாயை இறக்க ஆள் வேண்டும். யாரும் வாங்காவிட்டால் லாரிகள் தெருவிலேயே நின்று வழியை அடைத்துவிடும். இரத்தக் குழாய்தான் அந்தத் தெரு, எல்.டி.எல். துகள்தான் லாரி. அதை வாங்கிக்கொள்வது செல்லின் மேலுள்ள 'ரிசெப்டார்' என்னும் புரதம். தமிழில் ஏற்பி எனலாம். மிகப் பெரிய சம்ப் நமது கல்லீரல். எல்.டி.எல். துகள்களில் பெரும்பகுதியை இரத்தத்திலிருந்து எடுப்பது அதுவே.

ஏற்பி துகளைப் பிடிக்கும் விதம்

எல்.டி.எல். ஏற்பி 839 அமினோ அமிலங்களால் ஆனது. செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அதன் நுனியில் ஏழு சிறு மடிப்புகள் உள்ளன. ஒவ்வொரு மடிப்பையும் ஒரு கால்சியம் அயனி உருக்குலையாமல் காக்கிறது. மடிப்புகளில் எதிர் மின்னூட்டம் மிகுதி. அப்போ-பி புரதத்தில் ஓரிடத்தில் நேர் மின்னூட்டம் மிகுதி. இரண்டும் ஒன்றையொன்று இழுப்பதால் துகள் ஏற்பியோடு ஒட்டிக்கொள்கிறது.

பிடித்த ஏற்பிகள் செல்லின் மேலுள்ள சிறு குழிகளில் கூடுகின்றன. குழி உள்நோக்கி மடங்கி ஒரு சிறு பையாகி, துகளையும் ஏற்பியையும் சேர்த்து உள்ளே கொண்டுபோகிறது. லாரியே சம்ப்புக்குள் இறங்கிவிடுவதுபோல என்று சொல்லலாம். பைக்குள் அமிலத்தன்மை கூடியதும் ஏற்பி மடங்கிக்கொண்டு துகளை விட்டுவிடுகிறது. துகள் சிதைக்கப்பட்டு, கொலஸ்டிரால் செல்லுக்குக் கிடைக்கிறது. ஏற்பியோ திரும்ப மேலே வந்து அடுத்த துகளைத் தேடுகிறது. ஒரு சுற்றுக்குச் சுமார் 10 நிமிடம்தான். ஓர் ஏற்பி தன் வாழ்நாளில் நூறு தடவைக்கு மேலும் இப்படிப் போய்வரும்.

கொலஸ்டிரால் போதுமான அளவு வந்துவிட்டால், செல் தன் சொந்தத் தயாரிப்பைக் குறைத்துக்கொள்ளும், ஏற்பிகளையும் குறைத்துவிடும். சம்ப் நிறைந்ததும் மூடியைச் சாத்துவதுபோலத்தான். நெய், வனஸ்பதி, கொழுப்பு மிகுந்த இறைச்சி அளவுக்கு மிஞ்சினால் இரத்தத்தில் எல்.டி.எல். ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கண்டுபிடித்தது எப்படி?

அமெரிக்காவின் டல்லஸ் நகரில் ஜோசப் கோல்ட்ஸ்டீன், மைக்கேல் பிரவுன் என்னும் இரு மருத்துவர்கள், பரம்பரையாக மிக அதிகக் கொலஸ்டிரால் உள்ள நோயாளிகளின் தோல் செல்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்தார்கள். ஆரோக்கியமானவர்களின் செல்கள் எல்.டி.எல். கொடுத்ததும் தம் தயாரிப்பை நிறுத்தின. கடும் நோயுள்ளவர்களின் செல்கள் எதுவும் வராததுபோல் தயாரித்துக்கொண்டே இருந்தன. கதிரியக்க அயோடின் சேர்த்த எல்.டி.எல். துகள்களை விட்டுப் பார்த்தபோது, ஆரோக்கியமான செல்களில் அவை ஒட்டின. நோயுற்ற செல்களில் ஒட்டவில்லை. ஏற்பி என ஒன்று உண்டு என்பது 1974ஆம் ஆண்டளவில் இப்படித் தெளிவாயிற்று. 1985இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

பிறகு பலவிதக் கோளாறுகள் தெரியவந்தன. சிலருக்கு ஏற்பி உண்டாவதே இல்லை. சிலருக்கு உண்டானாலும் மேற்பரப்புக்கு வந்து சேருவதில்லை. சிலருக்கு வந்து நின்றும் துகளைப் பிடிப்பதில்லை. சிலருக்குப் பிடித்தாலும் குழிக்குள் போவதில்லை. சிலருக்கு உள்ளே போனபின் துகளை விடுவதில்லை. விளைவு ஒன்றே: லாரிகள் தெருவில் நிற்கின்றன. நின்ற துகள்கள் குழாய்ச் சுவரில் புகுந்து அடைப்பை உண்டாக்குகின்றன.

நம் குடும்பங்களில்

இந்த ஏற்பிக்குரிய ஜீனைத் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாகப் பெறுகிறோம். ஒன்று பழுதானாலே பிறவியிலிருந்து எல்.டி.எல். ஏறக்குறைய இருமடங்காக இருக்கும். உலக அளவில் சுமார் 300 பேரில் ஒருவருக்கு இந்தப் பழுது இருப்பதாகக் கணிக்கிறார்கள். 3,000 பேர் நெருக்கியடித்து ஏறிய ஒரு தாம்பரம்–கடற்கரை மின்ரயிலில் சுமார் 10 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சை இல்லையேல் இப்படிப்பட்ட ஆண்களில் பாதிப்பேர் 50 வயதுக்குள் இருதய நோய்க்கு ஆளாவார்கள்.

இரண்டு ஜீன்களும் பழுதானால் நிலைமை மிகக் கடுமை. கொலஸ்டிரால் 500ஐயும் தாண்டும். சிறு வயதிலேயே முழங்கை, முழங்கால், விரல் மூட்டுகளில் மஞ்சள் நிறக் கட்டிகள் தோன்றும். 20 வயதுக்கு முன்பே மாரடைப்பு வரலாம். லெபனான் நாட்டில் உறவுமுறைத் திருமணங்கள் வழக்கமாயிருந்த குடும்பங்களில் மருத்துவர் கச்சதூரியன் இதை ஆராய்ந்து, நோய் தலைமுறைதோறும் இறங்கும் விதத்தை 1964இல் விளக்கினார். நமக்கும் இது அந்நியமான செய்தி இல்லை. மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று சொந்தத்தில் மணமுடிப்பது தமிழ்நாட்டில் இன்றும் உண்டு. ஒரே தாத்தாவிடமிருந்து வந்த ஒரே பழுது கணவன், மனைவி இருவரிடமும் இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பழுதான ஜீன்களும் சேர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. இதற்காக யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம். முன்கூட்டி அறிந்துகொள்வதே அவசியம்.

மருந்து என்ன செய்கிறது?

ஜப்பானிய அறிஞர் அகிரா எண்டோ 1970களில் ஒரு பூஞ்சையிலிருந்து முதல் ஸ்டாட்டின் மருந்தைப் பிரித்தெடுத்தார். 1987 முதல் ஸ்டாட்டின்கள் விற்பனைக்கு வந்தன. இவை கல்லீரல் செல்லின் சொந்தத் தயாரிப்பைத் தடுக்கின்றன. வீட்டு போர்வெல்லின் மோட்டாரை நிறுத்திவிட்டால் வீட்டுக்காரர் லாரியைத் தேடி ஓடுவார் அல்லவா? அதுபோலச் செல்லும் அதிக ஏற்பிகளை மேலே அனுப்பித் துகள்களை வாங்கிக்கொள்கிறது. ஒரு ஜீனாவது நல்லதாயிருந்தால் இது நன்கு பலன் தரும். இரண்டும் பழுதானவர்களுக்கு ஸ்டாட்டின் மட்டும் போதாது, இரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லைப் பிரித்தெடுத்தல், கல்லீரல் மாற்று, சில புதிய ஊசி மருந்துகள் ஆகியவை தேவைப்படலாம். ஏற்பிகளை அழிவுக்கு அனுப்பும் பி.சி.எஸ்.கே.9 என்ற புரதம் 2003இல் கண்டறியப்பட்டது. அதைத் தடுக்கும் ஊசிகள் 2015 முதல் வழக்கத்தில் உள்ளன.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

1. பெற்றோர், உடன்பிறந்தோர், அவர்களின் உடன்பிறந்தோர் ஆகியோரில் யாருக்காவது 55 வயதுக்குள் (பெண்களாயின் 60க்குள்) மாரடைப்பு வந்ததா?

2. யாருக்காவது எல்.டி.எல். 190க்கு மேல் (பிள்ளைகளுக்கு 160க்கு மேல்) உள்ளதா?

3. குதிகால் நரம்பு தடித்திருக்கிறதா? விரல் மூட்டுகளில் கட்டி உண்டா? 45 வயதுக்குள் கருவிழியைச் சுற்றி வெண்சாம்பல் வளையம் தெரிகிறதா?

ஒன்றுக்காவது 'ஆம்' என்றால் மருத்துவரிடம் சொல்லி இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஒருவருக்கு இந்நோய் உறுதியானால் அவருடைய பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தோருக்கும் சோதனை அவசியம். ஒவ்வொருவருக்கும் இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. பிள்ளைகளுக்கு எட்டிலிருந்து பத்து வயதளவில் மருந்து தொடங்குவது வழக்கம். இரட்டைப் பழுதானால் இன்னும் முன்பே. கருத்தரிக்க எண்ணும் பெண்கள் மருந்தைப் பற்றி மருத்துவரிடம் முன்னதாகவே பேச வேண்டும். ஒல்லியாக இருக்கிறான், ஓடி விளையாடுகிறான் என்பதால் சோதனையைத் தள்ளிவைக்காதீர்கள். 45 வயதில் தகப்பனை இழந்த வீட்டில், மகனுக்கு இன்றே ஒரு சிறு குழாய் இரத்தம் எடுத்துப் பார்ப்பது அவனுடைய பிள்ளைகளையும் காக்கும்.