மேட்டில் நிலம், பள்ளத்தில் ஆறு

தஞ்சாவூரிலிருந்து அரியலூர் போகும் பேருந்து கொள்ளிடப் பாலத்தைக் கடந்து திருமானூருக்குள் நுழையும்போது மாவட்டம் மாறிவிடுகிறது. பாலத்தின் மேலிருந்து பார்த்தால், ஆண்டின் பல மாதங்களில் தெரிவது மணலும் நாணலும்தான். குடகு மலையில் கனமழை பெய்து, கர்நாடக அணைகள் நிரம்பி, மேட்டூரும் 120 அடியைத் தொட்டால்தான் இங்கே கரை தொட்டு வெள்ளம் ஓடும். அப்போது தாழ்வான கரையோர ஊர்களில் ஒருவரும் கண்ணயர மாட்டார்கள்.

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரிவது கொள்ளிடம். காவிரியைவிடத் தாழ்வாகவும் நேராகவும் ஓடுவதால் தண்ணீர் இயல்பாக இந்தப் பக்கமே சாயும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரி மணல் மேடிட்டுப் போக, தஞ்சை வயல்கள் காய்ந்தன. அதைத் தடுக்கவே ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836இல் முக்கொம்பில் மேலணை கட்டினார். அன்று முதல் கொள்ளிடத்தின் முதல் வேலை வெள்ளத்தைச் சுமப்பது.

தென்கரையில் ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டல் டெல்டாவாக விரிகிறது. வடகரையில் திருமானூர், தா.பழூர் பக்கம் ஒரு பட்டை நிலத்துக்குத்தான் அந்த வாய்ப்பு. அதற்கு வடக்கே தரை மெல்ல உயர்ந்துகொண்டே போகிறது. அது கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலுக்கு அடியில் கிடந்த பூமி. அரியலூரின் சுண்ணாம்புக்கல்லும், அதில் புதைந்த சிப்பிகளும், பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் மரமும் அந்தக் கடல் விட்டுச்சென்றவை. பச்சைமலையில் பிறக்கும் மருதையாறு இந்த மேட்டு நிலத்தை அறுத்துக்கொண்டு வந்து கொள்ளிடத்தில் விழுகிறது. மழை பெய்தால் பெருகும், நின்றால் வற்றும். பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் இங்கே வானத்தையும் ஏரியையும் கிணற்றையும் நம்பியே விளைகின்றன.

காலடியில் ஓடும் ஆற்றை மேட்டுக்கு எப்படி ஏற்றுவது? ராஜேந்திர சோழன் கண்ட வழி எனக்கு இன்றும் வியப்பூட்டுகிறது. ஆறு உயரத்தில் ஓடும் மேற்குப் பகுதியிலேயே கால்வாயைத் தொடங்கி, சரிவு அதிகம் கொடுக்காமல் நகர்த்தி வந்தால், தண்ணீர் தானாக மேட்டை எட்டிவிடும். கங்கைகொண்ட சோழபுரத்தின் சோழகங்கம் ஏரிக்குக் கொள்ளிடத்திலிருந்து வந்த கால்வாயின் நீளம் சுமார் 60 மைல் என்று 19ஆம் நூற்றாண்டுக் குறிப்பு ஒன்று சொல்கிறது. வடக்கே வெள்ளாற்றிலிருந்தும் ஒரு கால்வாய் வந்தது. ஏரிக்கரை மட்டும் 16 மைல்.

அதே உத்திதான் இன்றைய புள்ளம்பாடி வாய்க்காலிலும் இருக்கிறது. திருச்சி மாவட்டத்தில் புறப்படும் அந்தக் காவிரி நீர்தான் கரைவெட்டி ஏரியை நிரப்புகிறது. தொலைதூரப் பறவைகள் வந்திறங்கும் அந்த ஏரி 2024இல் சர்வதேச ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.

பொன்னேரி என்று இன்று அழைக்கப்படும் சோழகங்கத்தைச் சீரமைக்கப்போவதாக 2025இல் தமிழக அரசு அறிவித்திருக்கிறது. ஏரியைத் தூர்வாருவது நல்லதுதான். ஆனால் வரத்து வாய்க்கால் இல்லாத ஏரி மழையை மட்டுமே பார்த்துக் கிடக்கும். தூர்ந்துபோன அந்தப் பழைய கால்வாயின் தடத்தையும் இப்போதே அளந்துவிட வேண்டும்.